ஓய்வில்லாத ஊரில் யார் சோம்பேறி?

பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வரும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக்ஸ் சிட்டி பகுதியில் இன்ஃபோசிஸின் தலைமையகம் இருக்கிறது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, நாட்டின் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதை 90 மணி நேரமாக்கினார். அதே சாலையில் தெற்கே வந்து, அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஜூஜுவாடி; தமிழ்நாடு தொடங்கிவிடும். இந்தப் பக்கமும் கதை அதிகம் மாறவில்லை. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே கொதித்தன; மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, உழைப்பாளர் தினத்திலேயே, திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

மணிக்கணக்குப் பேச்சு எங்கே எழுந்தாலும் அதற்கு அடியில் ஒரு குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கும்: நம் ஆட்கள் சோம்பேறிகள். தொழிற்சாலைகளின் காலைக் கூட்டத்தில் இதை வேறு வார்த்தைகளில் சொல்வார்கள். தேவாலயப் பிரசங்கத்தில் நீதிமொழிகளின் எறும்பைக் காட்டிச் சொல்வார்கள். குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். திங்கள் முதல் சனி வரை கம்பெனியில், ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில்.

ஓசூரில் அந்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1987இல் டைட்டன் கடிகாரமும் வந்தன. பிறகு ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ். மூன்று ஷிஃப்டும் ஓடும் ஊர் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் முன்பே புழங்கிய தெருக்களில் இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த வட்டாரத்தைச் சோம்பேறி ஊர் என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஆனாலும் சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்கு வந்து குளித்து, ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்காரும் ஒருவர் பிரசங்கம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிழுவார். பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். மேடையிலிருந்து, ‘கம்பெனிக்குக் கண் விழிக்கிறோம், கர்த்தருக்குக் கண் விழிக்க முடியவில்லையா?’ என்று பொதுவாகத் தொடுப்பதுபோல ஓர் அம்பு வரும். வேதத்தில் இதற்கு நேரான ஒரு சம்பவம் உண்டு. பிரசங்கிகள் அதிகம் தொடாத சம்பவம். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் துரோவா பட்டணத்தின் மேல்வீட்டில் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டேபோகிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கம் மேலிட்டு மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். பவுல் இறங்கி வந்து அவனை அணைத்துக்கொள்கிறார், பையன் பிழைக்கிறான். அவன் தூங்கியதைப் பற்றி ஒரு கண்டிப்புகூட அங்கே இல்லை. எலியாவின் கதை இன்னும் தெளிவு. யேசபேலுக்குப் பயந்து ஓடிவந்து, சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்துவிட்ட தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் சாப்பாடு வந்தது. புத்திமதிக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

ஆகவே களைப்பைச் சோம்பல் கணக்கில் எழுதக் கூடாது. இது நிர்வாக நுணுக்கம் மட்டுமில்லை, நியாயத்தின் விஷயம். தூக்கம் கெட்டவனைப் பாவி என்பவர், அவன் தூக்கத்தைக் கெடுத்த அட்டவணையை மறைமுகமாகக் காப்பாற்றுகிறார்.

அப்படியானால் சோம்பல் என்பதுதான் என்ன? கிறிஸ்தவ மரபில் இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் எகிப்துப் பாலைவனத் துறவிகள். நான்காம் நூற்றாண்டில் எவாக்ரியஸ் என்ற துறவி, எட்டுத் தீய எண்ணங்களில் ஒன்றாக இதை வைத்து, நடுப்பகல் பிசாசு என்று அடையாளம் காட்டினார். அவர் வரையும் துறவி குறட்டைவிடும் ஆளில்லை. சூரியன் நகரவே இல்லை என்று பார்ப்பான். ஜன்னலை எட்டிப் பார்ப்பான். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று கணக்குப் போடுவான். இந்த இடமே சரியில்லை, வேறெங்காவது போனால் நன்றாக இருக்கும் என்று யோசிப்பான். அவருக்குப் பின் வந்த ஜான் காசியன் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்: இந்த நோய் பிடித்தவன் நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன், உறவினருக்கு உதவப் போகிறேன் என்று பக்திக் காரணம் சொல்லிக்கொண்டு ஊர் சுற்றவும் செய்வான். இருக்கும் இடத்தில், இருக்கும் வேலையில் மனத்தை நிறுத்த முடியாமல் ஓடுவதும் சோம்பல்தான் என்பது அவர்கள் முடிவு. வாரத்துக்கு ஏழு கூட்டம், ஏழு வாட்ஸ்அப் ஜெபக் குழு என்று பறக்கும் சில ஊழியர்களை நினைத்தால் காசியன் நேற்றுதான் எழுதினாரோ என்று தோன்றும்.

காசியன் சொல்லும் அப்பா பவுல் என்ற துறவியின் கதை தொழிற்பேட்டைக்காரர்களுக்கு விசித்திரமாக இருக்கும். அவர் வசித்த இடத்திலிருந்து ஊருக்கு ஏழு நாள் நடை. செய்ததை விற்க வழியில்லை, சுமைகூலிகூடக் கட்டாது. ஆனாலும் தினமும் ஓலை சேர்த்து, தனக்குத்தானே ஓர் அளவு விதித்துக்கொண்டு வேலை செய்தார். ஆண்டு முழுதும் செய்தது குகையை நிரப்பியதும் அனைத்தையும் நெருப்பிலிட்டுக் கொளுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். உற்பத்தித்திறன் பேசுகிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் வேலையின் பயன் விற்பனையில் மட்டும் இல்லை, செய்கிற ஆளின் கவனத்திலும் இருக்கிறது என்பதை இவ்வளவு முரட்டுத்தனமாக வேறு யாரும் செய்து காட்டியதில்லை.

கவனம் போனால் என்னாகும் என்பதற்கு ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டர் வடக்கிலேயே சான்று இருக்கிறது.

1953இல் தொடங்கிய அரசு நிறுவனமான எச்.எம்.டி., 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அடுத்த இரண்டு தலைமுறைகளுக்கு இந்திய மணிக்கட்டு அதன் சொத்து. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வாட்ச், வேலை ஓய்வுக்கு நினைவுப் பரிசு, பத்தாம் வகுப்பு பாஸானால் மாமா வாங்கித் தருவது எல்லாம் எச்.எம்.டி. ஜனதா, பைலட், கோஹினூர் போன்ற மாடல்களை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் திறமைசாலிகள். தலைமுடியைவிட மெல்லிய ஸ்பிரிங்கை இடுக்கியில் பிடித்துப் பொருத்தியவர்களைச் சோம்பேறி என்றால் நாக்கு அழுகிவிடும்.

1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தே ஆடிப்போனது. எச்.எம்.டி. தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 1980களின் தொடக்கத்திலேயே அதுவும் குவார்ட்ஸ் வாட்ச் செய்தது. தொழில்நுட்பம் கையில் இருந்தது. ஆனால் சாவி கொடுக்கும் கடிகாரம்தான் இங்கே விற்கும் என்ற நம்பிக்கை அதைவிட உறுதியாக இருந்தது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. கடைகளில் அதன் வாட்சுக்காக மக்கள் காத்திருந்தார்கள்.

டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், 1987இல் ஓசூரிலிருந்து குவார்ட்ஸைத் தன் அடிப்படையாகவே வைத்து இறங்கியது. அன்றைய தர்மபுரி மாவட்டக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தது. புதிதாக ஊருக்கு வந்த அந்தப் பதின்வயதினரைக் கவனித்துக்கொள்ள, உள்ளூர்க் குடும்பங்களை வளர்ப்புப் பெற்றோர்போல ஏற்பாடு செய்ததும் உண்டு. வாட்சே கட்டியிராத கைகள் வாட்ச் செய்தன. சில ஆண்டுகளிலேயே சந்தை புரண்டது. எச்.எம்.டி. வாட்சஸை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இதைச் சோம்பலின் கதையாக மட்டும் சொன்னால் எச்.எம்.டி.க்கு அநியாயம். அது பொதுத்துறை. ஆலை எங்கே திறப்பது என்பதைச் சந்தை மட்டும் தீர்மானிக்கவில்லை; ஸ்ரீநகரிலும் உத்தராகண்டின் ராணிபாக்கிலும் ஆலைகள் வந்ததில் அரசின் கணக்குகளும் இருந்தன. விலை, ஆள், முதலீடு எல்லாவற்றுக்கும் டெல்லியைக் கேட்க வேண்டும். ஆனால் கைகளின் உழைப்பு குறையாமலேயே ஒரு நிறுவனத்தின் மனம் மெத்தனமாகலாம் என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் பக்கத்தில் இல்லை. 90 மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அதிகமான சாவி வாட்சுகள்தான் கிடைத்திருக்கும்.

வென்ற டைட்டனுக்கும் அதே சோதனை வந்தது. சந்தையின் முதலிடத்தில் இருந்துகொண்டே அது மிக மெல்லிய கைக்கடிகாரம் ஒன்றைச் செய்யும் வேலையில் பல ஆண்டுகளைச் செலவழித்தது. 2002இல் வந்த எட்ஜ் மாடலின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருந்த இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். யாரும் கேட்காத வாட்ச் அது. கேட்காததைச் செய்யத் தோன்றியதுதான் விஷயம்.

மெத்தனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஷாப் ஃப்ளோரில் மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கும் செக் ஷீட்டைப் பார்க்கலாம். மணிக்கு ஒரு முறை ஐந்து பீஸ் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, கட்டத்தில் எழுத வேண்டும். 12.01, 12.02, 12.01. எட்டு மணி நேரத்துக்கு எட்டு வரிசை. சில தாள்களில் எட்டு வரிசையும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருக்கும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரே மூச்சில் நிரப்பியது. விவரமான ஆடிட்டர் மின்தடைப் பதிவேட்டையும் எடுத்துவரச் சொல்வார். கரண்ட் போய் லைன் நின்ற நேரத்துக்கும் அளவு எழுதப்பட்டிருக்கும்.

இதை எழுதியவர் பெரும்பாலும் அந்த லைனின் மோசமான ஆபரேட்டராக இருக்க மாட்டார். நல்லவராகத்தான் இருப்பார். அந்த மெஷினில் பல மாதங்களாக ஒரு ரிஜெக்ஷன்கூட வந்திருக்காது. அளந்தாலும் 12.01தான் வரும் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் அளக்க விடாமல் தடுத்தது. திருவள்ளுவர் சோம்பலுக்கு மடியின்மை என்று ஓர் அதிகாரம் எழுதியதோடு நிற்காமல், பொச்சாவாமை என்று தனியாக இன்னோர் அதிகாரமும் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மகிழ்ச்சி மிகுந்து வரும் மறதி அளவுகடந்த கோபத்தைவிடத் தீமை என்பது அதன் முதல் குறளின் கருத்து. தோற்றவனுக்கு வரும் நோயில்லை இது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருப்பவனுக்கு வருவது.

திருச்சபையிலும் செக் ஷீட் உண்டு. வருகை, காணிக்கைக் கவர், அன்பியக் கூட்டம், வருடாந்திர நற்செய்திக் கூட்டம். ‘குடும்ப ஜெபம் நடக்குதா?’ ‘நடக்குது ஃபாதர்.’ கட்டம் நிரம்பிவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான கத்தோலிக்க மறைமாவட்டம் 1997இல்தான் உருவானது. ஆனால் எலத்தகிரி போன்ற ஊர்களில் விசுவாசம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பழைய ஊர்களின் ஆபத்து விசுவாசக் குறைவில்லை. பாட்டன் காலத்திலேயே அளந்தாகிவிட்டது என்ற நினைப்பு. புதிய குடியிருப்புகளில் மாடி அறையை வாடகைக்கு எடுத்து நடக்கும் பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் இது வராது என்றில்லை. சொந்த இடம் வாங்கி, ஏ.சி. போட்டு, சவுண்ட் சிஸ்டம் மாட்டிய பிறகு வரும்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வெதுவெதுப்பானது என்று கண்டிக்கப்படும் லவோதிக்கேயா சபை இருந்தது அப்படிப்பட்ட ஓர் ஊரில்தான். இன்றைய துருக்கியில், வணிகப் பாதைகள் சந்திக்கும் இடத்தில் இருந்த பணக்கார ஊர். கறுப்புக் கம்பளிக்கும் வட்டிக்கடைக்கும் கண் மருந்துக்கும் பேர்போனது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, ரோமின் உதவி இல்லாமல் தன் பணத்திலேயே எழுந்து நின்றதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அதாவது அந்த ஊர்க்காரர்கள் உழைப்பாளிகள். குறை தண்ணீரில் இருந்தது. பக்கத்து எராப்போலியில் நோய் தீர்க்கும் வெந்நீர் ஊற்று; கொலோசெயில் தாகம் தீர்க்கும் குளிர்ந்த நீர்; லவோதிக்கேயாவுக்குக் குழாயில் வந்த தண்ணீர் அதற்கும் ஆகாது, இதற்கும் ஆகாது. தொலைதூர ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் குடிநீர் பெறும் ஓசூர்க்காரருக்கு இந்த உருவகம் மற்றவர்களைவிட எளிதில் பிடிபடும். கண்டனம் உணர்ச்சி குறைந்ததற்கு என்று பலரும் பொருள்கொள்கிறார்கள். ஆனால் சூடும் குளிர்ச்சியும் இரண்டுமே பயன்படும் என்பதைக் கவனித்தால், யாருக்கும் பயன்படாமல் போனதற்கு என்று படிப்பதே பொருத்தம்.

இதிலிருந்து வெளியே வருவது எப்படி? சோம்பலை ஒழிப்போம் என்று பலகை மாட்டுவதால் இல்லை. இதைச் சொன்னவர் இறையியலாளர் அல்லர். தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங். தொழிலாளர்களை நோக்கிய கோஷங்களையும் உபதேசங்களையும் எடுத்துவிடுங்கள், பெரும்பாலான குறைகள் அமைப்பிலிருந்து வருகின்றன, அவை தொழிலாளியின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது அவருடைய 14 கொள்கைகளில் ஒன்று. அவர் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் பரிசை 2002இல் இருசக்கர வாகன நிறுவனங்களில் முதலாவதாகப் பெற்றது ஓசூர் டி.வி.எஸ். அதற்கு முந்தைய ஆண்டுதான் சுசுகியோடு இருந்த கூட்டை முடித்துக்கொண்டு, சொந்தமாக வடிவமைத்த விக்டர் பைக்கை இறக்கியிருந்தது. டெமிங்கை வழிகாட்டியாக வைத்திருக்கும் ஊரின் பிரசங்க மேடைகளில் எறும்பு இன்னும் ஓய்வு பெறவில்லை.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் 1921இல் இரண்டு மருத்துவர்கள் வேறு வழியைத் தேடினார்கள். சவரிராயன் ஜேசுதாசனும், நூல் ஆலைச் செல்வக் குடும்பத்தில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். அன்றைய மிஷனரிகள் சோம்பேறிகளில்லை. பள்ளி, மருத்துவமனை, கணக்கு, அறிக்கை என்று ஓயாத வேலை. ஆனால் மிஷன் பங்களாவுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சுவர் பழகிப்போயிருந்தது. இவர்கள் கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, நோயாளிகளோடு வாழ்ந்தார்கள். ஜெபாலயத்தைத் திராவிடக் கோயில் பாணியில் கட்டினார்கள். மக்கள் இவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். வேலை நேரத்தைக் கூட்டவில்லை, உட்காரும் இடத்தை மாற்றினார்கள். ஆசிரமங்களும் நாளடைவில் பழகிப்போகக் கூடியவைதான் என்றாலும், முதல் அடி அதுதான்.

இன்றைய ஓசூரில் அந்த இடமாற்றம் எதைக் கேட்கும்? தாலந்து உவமையில் சோம்பேறி என்று ஏசப்படும் ஊழியனின் கையில் இருந்தது சின்னத் தொகையில்லை. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அவன் அதைத் தொலைக்கவும் இல்லை, பத்திரமாகப் புதைத்தான். கையில் இருந்ததைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்ததே அவன் குற்றம். இந்த உவமையைச் சில மாதங்களுக்கு மட்டும் கேட் பாஸ் வைத்திருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பிரசங்கிப்பது முறையாகாது. அவனுக்குத் தாலந்து கொடுக்கப்படவே இல்லை. லைனில் ஒரு முன்னேற்ற யோசனை சொன்னால் அது நடைமுறைக்கு வரும்போது தான் இங்கே இருப்போமா என்பதே அவனுக்குத் தெரியாது. அவனுக்குப் பொருந்தும் உவமை மத்தேயு 20. மாலை ஐந்து மணி வரை சந்தையில் நின்று, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று பதில் சொன்னவர்கள். தோட்டத்தின் எஜமான் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டான். தாலந்தைப் புதைத்த ஊழியனைத் தேட வேண்டிய இடம் வேறு: நிரந்தர வேலை கிடைத்த பிறகு கான்ட்ராக்ட் ஆட்களின் பெயரைக்கூடக் கேட்காதவர், கோயில் கட்டி முடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் பங்குப் பேரவை.

டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையை மனத்தில் வைத்து, ஓசூரில் வரவிருக்கும் ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் என்று 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். ஜார்க்கண்டின் முண்டா, ஓராவ்ன், காடியா சமூகங்களில் கிறிஸ்தவர்கள் கணிசமாக உண்டு. விடுதியில் தங்கி ஷிஃப்ட் மாறி மாறி வேலைசெய்யும் ஒரு பெண் ஞாயிறு காலை திருப்பலிக்கு வரவில்லையென்றால், விசுவாசத்தில் சோம்பல் என்று எழுதிவிடலாம். அல்லது, அவளுக்குப் புரியும் மொழியில், அவளால் வர முடிகிற நேரத்தில் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்கலாம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஞாயிற்றுக்கிழமையையே வார விடுமுறையாக வைத்து, மாற்று விடுப்பு தந்தால் அன்று வேலை வாங்கலாம் என்றது. அந்த ஞாயிறு விடுமுறையும் திருச்சபை வாங்கித் தந்ததில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே போராடி 1890இல் பெற்றது. மாறும் ஷிஃப்டுக்குத் திருச்சபைச் சட்டம் தடையாக நிற்கவில்லை. 1983இன் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பு, முந்தின நாள் மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு அந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. நேரத்தை மாற்றினால் போதும். ஆனால் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வீட்டுச் சமையல், மதியத் தூக்கம் எல்லாம் காலை நேரத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஆகவே ஆராதனை நேரம் பற்றிய பேச்சு கமிட்டிக் கூட்டத்தில் கடைசி அயிட்டமாக வரும். அதற்குள் டீ வந்துவிடும். அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போடுவார்கள்.